ஹெர்ன்ஹூட்டில் அண்டா விளக்கிய ஏழு வாரங்கள்

2024 செப்டம்பர் 13, வெள்ளி. டிரெஸ்டன்

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது மழை. நம் ஊர் மழைபோல் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற ரகம் இல்லை. முழுக்க நனைக்கவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்று ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டே இருந்தது. குளிர் பத்து டிகிரி. செப்டம்பர் தொடக்கத்தில் முப்பதுக்கு மேல் வெயில் என்று செய்தி படித்துவிட்டு, ஸ்வெட்டரைச் சூட்கேஸின் ஆக அடியில் வைத்த புத்திசாலி நான்.

ரயிலில் பக்கத்து இருக்கைப் பெரியவர் தாமாகவே கைப்பேசியை நீட்டிப் படம் காட்டினார். இரண்டு நாள் முன்பு, 11-ஆம் தேதி அதிகாலையில், இந்த நகரத்தின் கரோலா பாலத்தில் ஒரு பகுதி எல்பே ஆற்றுக்குள் விழுந்துவிட்டது. டிராம் ஓடுகிற பாலம். விழுந்த நேரத்தில் மேலே யாரும் இல்லை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. "ஜெர்மனியில் இப்படி நடக்கலாமா?" என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். பெண்ணுக்குக் கல்யாணம் நின்றுபோன தகப்பனைப்போல் முகம். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். நம் பக்கத்துப் பாலங்கள் நினைவுக்கு வந்தன, மூடிக்கொண்டேன்.

பாலக் கதையில் மூழ்கியதில் நான் ஏறிய ரயில் எது என்று பார்க்கவில்லை. பிஷோஃப்ஸ்வெர்டா என்ற ஊரில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கோர்லிட்ஸ், மற்றொன்று சிட்டாவ். நான் இறங்க வேண்டிய லோபாவ் கோர்லிட்ஸ் பாதையில் இருக்கிறது. நான் இருந்ததோ சிட்டாவ் ரயில். பரிசோதகர் அம்மாள் அபராதம் போடவில்லை. ஒரு துண்டுத்தாளில் 'ஓபரோடெர்விட்ஸ்' என்று பெரிய எழுத்தில் எழுதி, நிலையம் வருவதற்கு முன்பே வந்து என் தோளைத் தட்டினார். சிரிக்கவில்லை. சிரிக்காமலே இவ்வளவு உதவி செய்ய முடியும் என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டேன்.

நான் சேர வந்த மிஷனெரிப் பயிற்சி இல்லத்தின் கார் வர ஒரு மணி நேரம் ஆனது. கூரையில்லாத நடைமேடையில் சூட்கேஸைத் திறந்து ஸ்வெட்டரைத் தோண்டி எடுத்தேன். மேலே இருந்த வெள்ளைச் சட்டைகள் இரண்டும் நனைந்தன. பிரசங்கத்துக்கென்றே இஸ்திரி போட்டுக் கொண்டுவந்த சட்டைகள்.

செப்டம்பர் 14, சனி

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சனி, ஞாயிறுகளில் வாலிபர் கூட்டப் பேச்சாளர். போகிற இடமெல்லாம் சால்வை, எலுமிச்சம்பழம், முன்வரிசை நாற்காலி, திரும்பும்போது கையில் ஒரு காணிக்கைக் கவர். சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஆறு மாத மிஷனெரிப் பயிற்சிக்கு வந்திருக்கிறேன். ஜெர்மனியின் கிழக்கு மூலையில், ஹெர்ன்ஹூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். செக், போலந்து எல்லைகள் இரண்டும் அருகில்தான்.

இல்லம் ஒரு பழைய பண்ணை வீடு. முப்பத்தெட்டுப் பேர். பிரேசில், கொரியா, நைஜீரியா, சுவிட்சர்லாந்து என்று பல தேசத்தார். இந்தியன் நான் ஒருவன். காலை உணவுக்குப் பின் இயக்குநர் எல்லாரையும் உட்காரவைத்தார். அறுபது வயது மனிதர். தம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். நாக்கு எழவில்லை. நம் ஊரில் ஆயரை 'ஐயர்' என்போம், பேர் சொன்னால் அம்மா வாயில் போடுவாள். சமையலறைப் பொறுப்பாளர் அம்மாவையும் பேர் சொல்ல முடியாமல் 'சிஸ்டர்' என்றேன். "நான் நர்ஸ் இல்லையே" என்றார். இங்கே அந்தச் சொல்லுக்கு ஒன்று நர்ஸ், இல்லாவிட்டால் கன்னியாஸ்திரீ என்று அர்த்தமாம்.

பிறகு சுவரில் வேலைப் பட்டியலை ஒட்டினார்கள். காலை ஜெபம், வகுப்பு போக, மதியம் எல்லாருக்கும் இரண்டு மணி நேர வேலை. சிலருக்குத் தோட்டம், சிலருக்கு விறகு. என் பெயருக்கு நேரே ஒரு பாத்திரத்தின் படம்.

தட்டு, கரண்டிக்கெல்லாம் இயந்திரம் இருக்கிறது. அண்டாவும் தட்டங்களும் அதற்குள் நுழையாது. அவற்றுக்கு நான். முப்பத்தொரு வயதுவரை நான் விளக்கியது என் காபி டம்ளர் ஒன்றுதான். அதுவும் அம்மா ஊரில் இல்லாத நாட்களில்.

இரவுச் சாப்பாடு ரொட்டி. கூடவே பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய், ஊறுகாய்போல் ஏதோ ஒன்று. சுடச்சுட எதுவும் இல்லை. குளிருக்குச் சூடாக ஒரு தேநீராவது வரும் என்று காத்திருந்தேன். புதினா இலையைக் கொதிக்கவைத்த வெந்நீர் வந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

மழை இன்னும் விடவில்லை. செக், போலந்து பக்கமெல்லாம் வெள்ளம். நைசே ஆறு ஏறுகிறது என்று எல்லாரும் கைப்பேசியையே பார்க்கிறார்கள். வகுப்பில் அந்த ஊர்களுக்காக ஜெபித்தோம். நான் எழுந்து நின்று என் வழக்கப்படி குரலை உயர்த்தி ஜெபித்தேன். முடித்தபோது அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். பிடித்திருந்ததா, பயந்துவிட்டார்களா, தெரியவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு. ஹெர்ன்ஹூட்

வெயில்! பத்து நாள் கழித்து.

ஹெர்ன்ஹூட் என்ற பெயரை நம் ஊர்க் கன்வென்ஷன் பந்தல்களில் கேட்டு வளர்ந்தவன் நான். 1722-இல் மொராவியாவிலிருந்து மத நெருக்கடிக்குத் தப்பிவந்தவர்கள், ஸின்ஸென்டார்ஃப் என்ற பிரபுவின் நிலத்தில் மரம் வெட்டிக் கட்டிய ஊர். 1727-இல் தொடங்கிய இடைவிடாத ஜெபச் சங்கிலி நூறு ஆண்டுக்கு மேல் நீண்டது. பந்தலில் இதைச் சொல்லும்போது கூட்டம் அழும். சொல்கிற நானும் சில தடவை அழுதிருக்கிறேன். ஏதோ பெரிய பட்டணம் என்று எண்ணியிருந்தேன். பார்த்தால் நாலு தெரு, ஒரு பேக்கரி, ஒரு சதுக்கம். நம் நாசரேத் சந்தை இதைவிடப் பெரிது.

ஆலயத்துக்குள் எல்லாம் வெள்ளை. சுவர் வெள்ளை, பெஞ்சு வெள்ளை. பலிபீடம் இல்லை, ஏறி நிற்கப் பிரசங்க மேடையும் இல்லை; ஒரு மேசை, அவ்வளவுதான். 1945 மே மாதம் எரிந்துபோய்த் திரும்பக் கட்டியது என்றார்கள்.

ஆராதனை தொடங்குமுன் அன்றைய வசனத்தை வாசித்தார்கள். இதன் பெயர் 'லோசுங்'. நம் சபைகளில் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டிலிருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றைக் கண்ணை மூடி எடுப்போமே, அதற்கு அண்ணன்முறை. 1728-இல் பிரபு நாளுக்கொரு வசனமாகச் சொல்லத் தொடங்கினார். 1731 முதல் ஆண்டுதோறும் புத்தகமாக அச்சாகிறது. இன்றைக்கும் ஏறக்குறைய 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்கள் போட்ட ஒரு கிண்ணத்திலிருந்து, ஒரு ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் சீட்டு எடுக்கிறார்கள். மூன்று ஆண்டு முன்கூட்டியே எடுத்துவிடுவார்களாம். ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் போகிறது. என் அக்கா, வந்த அட்டை பிடிக்கவில்லை என்றால் யாரும் பார்க்காத நேரத்தில் மாற்றி எடுத்துக்கொள்வாள். இங்கே அந்த வசதி கிடையாது.

வெளியே வந்ததும் ஒரு முதியவர் கைகொடுத்து 'சகோதரரே' என்றே விளித்தார். அப்பாடா என்றிருந்தது. எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு என்றேன். "ட்ராங்கெபார்!" என்றார் உடனே. தரங்கம்பாடியைத்தான் சொல்கிறார். பிரபு சிறுவனாக ஹாலே நகரப் பள்ளியில் படித்தபோது அங்கே தரங்கம்பாடி மிஷனெரிகளின் கடிதங்கள் வாசிக்கப்படுமாம். அந்த மிஷனெரிகளில் ஒருவரான, 1715-இல் ஐரோப்பா திரும்பிய சீகன்பால்கையும் பிரபு பார்த்திருக்கிறார். அந்தப் பயணத்தில் சீகன்பால்குடன் மலையப்பன் என்ற தமிழரும் வந்திருந்தார். அடுத்த ஆண்டே தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் ஒன்று ஹாலேயில் அச்சாகிவிட்டது. பிறகு 1760-இல் ஹெர்ன்ஹூட்காரர்களே தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டுக் குடியிருந்திருக்கிறார்கள். அங்கிருந்து நிக்கோபார் தீவுகளுக்குப் போனவர்களில் பலர் காய்ச்சலில் மாண்டார்கள். தரங்கம்பாடிக்கு நான் இரண்டு முறை சுற்றுலா போயிருக்கிறேன். கடற்கரைக் கோட்டை முன்னால் படம் எடுத்துவிட்டு மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பியவன். இதில் பாதி எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 28, சனி. கோர்லிட்ஸ்

பதினைந்து நாள் ரொட்டிக்குப் பிறகு வயிறு கிளர்ச்சி செய்தது. மாதம் 49 யூரோ ஜெர்மனி டிக்கெட் கையில் இருந்தது. நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். கோர்லிட்ஸ் போனேன்.

எதையும் தொண்ணூற்று மூன்றால் பெருக்கிப் பார்ப்பதை இன்னும் நிறுத்த முடியவில்லை. ஒரு டோனர் ரொட்டி ஏழு யூரோ. அறுநூற்று ஐம்பது ரூபாய்! வாங்கினேன், தின்றேன், பெருக்கினேன், வயிறு எரிந்தது.

சந்து ஒன்றில் வியட்நாம்காரர் கடை. கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த காலத்தில் வேலைக்கு வந்த வியட்நாமியர் பலர் இந்தப் பக்கம் தங்கிவிட்டார்கள். பச்சை மிளகாய், மைசூர்ப் பருப்பு, மஞ்சள் தூள், ஐந்து கிலோ அரிசி எடுத்தேன். கடைக்கார அம்மா ஒரு கைப்பிடி மிளகாயைக் கூடுதலாகப் போட்டு, காசு வேண்டாம் என்று கையசைத்தார். நாட்டுக்கு வந்து முதன்முதலாகக் கொசுறு!

ஆற்றைக் கடக்கும் நடைபாலத்தில் நடந்தால் அக்கரை போலந்து. நைசேயில் தண்ணீர் இறங்கியிருந்தது. கரைப் புதர்களில் உயரத்தில் சேறும் பிளாஸ்டிக்கும் தொங்கின. ஒரு கரையில் யூரோ, மறு கரையில் ஸ்லாட்டி. பாலத்தின் நடுவில் நின்று இரண்டு தேசத்திலும் ஆளுக்கொரு காலை வைத்துப் படம் எடுத்தேன். எடுத்துத்தந்த போலந்துப் பையன் ஐந்து படங்களிலும் என் தலையை வெட்டியிருந்தான்.

அக்டோபர் 3, வியாழன்

ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், விடுமுறை. கடைகள் எல்லாம் பூட்டு. பற்பசை தீர்ந்துபோயிருந்தது. கொரியத் தங்கை கடன் கொடுத்தாள்.

மதியம் ஹெர்ன்ஹூட் கல்லறைத் தோட்டம். இவர்கள் 'தேவனின் வயல்' என்கிறார்கள். குன்றுச் சரிவில் லிண்டன் மரவேலிகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான கற்கள். நிற்கிற கல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் படுத்திருக்கின்றன. ஒரே அளவு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். நம் ஊர்க் கோயிலில் உட்காருகிற மாதிரியே. குடும்பத்தோடு குடும்பமாகப் புதைப்பதில்லை. இறந்த வரிசையில் அடுத்தடுத்து. பேராயருக்குப் பக்கத்தில் செருப்புத் தைத்தவர் கிடக்கலாம். நம் பக்கம் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்குச் சுவர் வைத்த கதை உண்டு. திருச்சியில் அப்படியொரு சுவர் செய்தித்தாள்வரை வந்தது. அந்தச் சரிவில் வெகுநேரம் நின்றேன். ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: நடுவில், மற்றவற்றைவிட உயரமாகவும் பெரிதாகவும், பிரபு குடும்பத்துக் கல்லறைகள். சமத்துவத்துக்கும் ஒரு எல்லை இருந்திருக்கிறது.

திரும்பும் வழியில் வகுப்பாசிரியர் என் கதை ஒன்றை உடைத்தார். 1732 ஆகஸ்டில் இங்கிருந்து கிளம்பி மேற்கிந்தியத் தீவான செயின்ட் தாமஸுக்குப் போன முதல் மிஷனெரிகள், டோபர், நிட்ச்மன் இருவரும், அடிமைகளிடம் பேசுவதற்காகத் தங்களையே அடிமைகளாக விற்றுக்கொண்டார்கள் என்று நான் குறைந்தது இருபது மேடைகளில் முழங்கியிருக்கிறேன். கப்பலிலிருந்து அவர்கள் கூவியதாக ஒரு வசனம்கூட உண்டு. அதைச் சொல்லும்போது மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பேன்.

"விற்றுக்கொள்ளவில்லை. தேவையானால் அடிமைகளோடு வேலை செய்வோம் என்று சொன்னார்கள், அது மட்டும் உண்மை" என்றார் ஆசிரியர். நிட்ச்மன் தச்சர், தீவில் தச்சு வேலை செய்துதான் இருவருக்கும் சோறு. டோபர் குயவர், அங்கே அவர் தொழில் கைகொடுக்கவில்லை. நிட்ச்மன் அடுத்த ஆண்டே ஊர் திரும்பினார், டோபர் அதற்கடுத்த ஆண்டு. "இன்னொன்றும் கேள்" என்றார். சில ஆண்டுகளிலேயே அதே தீவில் மிஷன் தோட்டம் வாங்கி, அடிமைகளையும் வைத்திருந்ததாம்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அன்று மாலை அண்டாவை வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தேன்.

அக்டோபர் 12, சனி

சனிக்கிழமை இரவு ஒவ்வொரு நாட்டுச் சமையல். என் முறை. பருப்பும் சோறும் என்று அறிவித்துவிட்டேன். முப்பத்தெட்டுப் பேருக்கு எவ்வளவு பருப்பு என்பது கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதா என்ற மிதப்பு. அளவு சரியாகத்தான் வந்தது. கிளற வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. மேலே கொதித்துக்கொண்டிருக்க, அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கரி. மேலாக மொண்டு ஊற்றிச் சமாளித்தேன். "புகை வாசனை அருமை, இது இந்திய முறையா?" என்று நைஜீரிய நண்பர் கேட்டார். ஆம் என்று சொன்ன பாவத்துக்கு மன்னிப்பு உண்டாகட்டும்.

விளக்கும் முறையும் என்னுடையதே. கம்பி நாரில் தேய்த்தேன், கரண்டியால் சுரண்டினேன், நகர்வதாக இல்லை. இரவு எட்டரை, ஊரில் நள்ளிரவு. அம்மாவைக் கூப்பிட்டேன். பதறி எடுத்தாள்.

"என்னய்யா, உடம்புக்கு ஏதும்..."

"அம்மா, அடிப்பிடித்த பாத்திரத்தை எப்படி விளக்குவது?"

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏட்டி, எழுந்திரு, உன் தம்பி என்ன கேட்கிறான் என்று கேள்" என்று அக்காவை எழுப்புகிற குரல். இருவரும் சிரித்து முடிக்கும்வரை அண்டாவுக்குள் தலையை வைத்துக்கொண்டு நின்றேன். கல் உப்பும் புளியும் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவை, தானே உரிந்து வரும் என்றாள். புளி இல்லை. சமையலறை அம்மா வினிகரையும் சோடா உப்பையும் நீட்டினார். கொதித்தது, மரக்கரண்டியால் ஓரத்தில் நெம்பினேன். அடி முழுதும் ஒரே வட்டமாக, கறுப்பு அப்பளம்போல் கழன்று வந்தது. அந்தச் சந்தோஷத்தை எந்தக் கன்வென்ஷனிலும் நான் அடைந்ததில்லை. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். 'கைப்பிடிக்குக் கீழே இன்னும் இருக்கிறது' என்று பதில் வந்தது.

அக்டோபர் 19, சனி

பக்கத்துப் பண்ணையில் ஆப்பிள் பறித்தோம். மதியம் அவர்கள் வீட்டில் இந்த வட்டாரச் சாப்பாடு: தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, குவார்க் என்கிற கெட்டித் தயிர் மாதிரி ஒன்று, அதன்மேல் ஆளிவிதை எண்ணெய். எண்ணெயில் லேசான கசப்பு. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பண்ணைப் பெரியவர் பேசப் பேச என் காது நிமிர்ந்தது. இந்த ஓபர்லவுசிட்ஸ் வட்டாரத்தின் பழைய பேச்சில் 'ர' வருகிற இடத்தில் நாக்கு பின்னால் மடிகிறது. அப்பட்டமான நம் 'ழ'! மற்ற ஜெர்மானியர் இதைக் கேலி செய்வார்களாம். நான் அவரைத் 'தமிழ்', 'வாழைப்பழம்' என்று சொல்லச் சொன்னேன். என் வகுப்பில் பாதிப் பையன்களால் முடியாததை, பல்லில்லாத அந்தச் சாக்சனிக் கிழவர் முதல் தடவையிலேயே சொன்னார். அவருடைய மனைவி என்னைப் பேரன்போல் பிடித்துக்கொண்டு ஒரு கூடை ஆப்பிள் கொடுத்தார்.

அக்டோபர் 27, ஞாயிறு

நேற்றிரவு இந்த நாட்டார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். கைப்பேசி தானே மாறிக்கொண்டது. நான் நம்புவதோ அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தை. காலை ஜெபத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். விழித்திருந்து ஜெபிக்கிறேன் என்று பிரேசில்காரர் பிற்பாடு எல்லாரிடமும் புகழ்ந்தார். திருத்தவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

திருச்சபைச் சீர்திருத்த நாள், இந்த மாநிலத்தில் விடுமுறை. ஒரு கிராமத்து ஆலயத்தில் சாட்சி சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை ஏழு வாரத்துக்குப் பின் வெளியே வந்தது. பத்து நிமிடம் என்றார்கள். சுவிஸ் பெண் ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்த்ததில் எனக்குக் கிடைத்தது ஐந்து. டோபர் கதையை எடுக்கலாமா என்று ஒரு கணம் நாக்கு துறுதுறுத்தது. அடிப்பிடித்த அண்டாவைச் சொன்னேன். ஆமென் இல்லை, அல்லேலூயா இல்லை. இருபது முதியவர்கள் அசையாமல் பார்த்தார்கள். கடைசியில் 'கைப்பிடிக்குக் கீழே இன்னும் இருக்கிறது' என்று வந்தபோது பின்வரிசையில் ஒரு பாட்டி மட்டும் களுக்கென்று சிரித்தார்.

பிறகு காபியும் பிளம் கேக்கும். கவர் எதுவும் வரவில்லை. பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோப்பைகளைத் திரட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். விருந்தாளி விளக்கக் கூடாது என்று இரண்டு அம்மாமார் மறித்தார்கள். அதற்குள் நான் பெரிய காபிக் கலத்தைக் கவிழ்த்து அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்த பாட்டி மற்ற இருவரையும் விலக்கி, துணியை என்னிடம் தந்தார்.

விடுமுறை நாள் பஸ் நேரம் வேறு என்பதை நிறுத்தத்தில் போய்த்தான் பார்த்தேன். அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து. நாலு கிலோமீட்டர், மறுபடியும் அந்த ஊசி மழை. பாட்டி காகிதத்தில் சுற்றிக் கொடுத்த மூன்று துண்டு கேக்கை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். வெள்ளைச் சட்டை முழுக்கப் பிளம் கறை. கேக் நனையவில்லை.